கூரையைத் தொட்ட கோடு

ஏணியின் கடைசிப் படியில் ஏறியதும் வரைவாளரின் தலை கூரையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே பார்த்தார். கோட்டுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம்தான் மிச்சம். அடுத்த ஆண்டுக்கு இடமில்லை.

நிதித்துறைக் கட்டடத்தின் கீழ்நடைகூடத்தில், வாசலில் தொடங்கிக் கடைசி வரைக்கும் அந்தக் கோடு ஓடியது. நாட்டு மக்கள் எல்லோரும் ஓர் ஆண்டில் பாடுபட்டு உண்டாக்குவதைக் கூட்டி, அதில் அரசாங்கம் செலவழித்தது எத்தனை பங்கு என்று பார்த்து, அந்த உயரத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். மறு ஆண்டு ஒரு சாண் தள்ளி மறு புள்ளி. புள்ளிகளைச் சேர்ப்பது வரைவாளர் வேலை. அவருக்கு முன்னால் வேறொரு வரைவாளர், அவருக்கு முன்னால் இன்னொருவர்.

நாடு பிறந்தபோது கோடு முழங்கால் உயரம்தான். போர் வந்தபோது தோள் வரைக்கும் ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. விருந்தாளிக்கென்று வாங்கிப் போட்ட கட்டில், விருந்தாளி போன பின்னும் வீட்டிலேயே கிடப்பது மாதிரி, இடுப்பளவில் தங்கிவிட்டது. பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் பணம் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. போர் உச்சியில் யாரோ ஓர் ஆணி அடித்திருந்தார்கள். மழைக்காலத்தில் அதில் குடை தொங்கும்.

அந்தச் சுவரில் வரைவாளருக்குச் சொந்தம்போல் ஓர் இடம் இருந்தது. அவருடைய அக்காள் புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டார். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு அரசாங்கம் ஒரு பராமரிப்புத் தொகை கொடுக்க ஆரம்பித்தது. அந்தத் தொகையில்தான் காலையும் மாலையும் ஓர் ஆயா வந்தாள். அக்கா தோளைப் பிடிப்பாள், ஆயா காலைப் பிடிப்பாள். இருவருமாகப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். அந்தத் தொகை வந்த ஆண்டு கோடு ஒரு மயிரிழை ஏறியது. வரைவாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மயிரிழையை வரைந்தார். நடைகூடத்தில் போகும்போதெல்லாம் அந்த இடத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்.

தலை இடித்த செய்தி அமைச்சர் வரைக்கும் போனது. கோடு கூரையைத் துளைத்தால் நேரே மேலே அமைச்சர் அறைக்குள் வரும். சரியாகச் சொன்னால் அறைக்குள்ளும் அல்ல, அறையை ஒட்டிய குளியலறைக்குள். அவசரக் கூட்டம் போட்டார்கள்.

அந்தக் கட்டடத்தை ஒரு பின்னம் மாதிரியே கட்டியிருந்தார்கள். மாடியில் மேல்கணக்குப் பிரிவு. அரசு என்ன செலவழித்தது என்று கூட்டுவது அவர்கள் வேலை. தரைத்தளத்தில் கீழ்கணக்குப் பிரிவு. நாடு என்ன சம்பாதித்தது என்று கூட்டுவது இவர்கள் வேலை. மாடிப்படிக்குக் குறுக்கே எப்போதும் ஒரு சங்கிலி. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்தால் கைவைத்துவிடுவார்கள் என்று பயம். படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் ஒரு நாற்காலியில் வகுத்தல் அதிகாரி உட்கார்ந்திருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு சீட்டு, கீழிருந்து ஒரு சீட்டு வரும். மேலதைக் கீழதால் வகுத்துவிட்டு, மற்ற நாட்களில் டீ குடிப்பார்.

கூட்டத்தில் பொறியாளர் முதலில் எழுந்தார். “கூரையை உசத்திடலாங்கய்யா.”

“எவ்வளவு ஆகும்?” என்றார் அமைச்சர்.

பொறியாளர் தொகையைச் சொன்னார். வகுத்தல் அதிகாரி அதைச் செலவில் சேர்த்து வகுத்துப் பார்த்தார். “இந்தச் செலவைச் சேத்தா, கோடு உசத்தின கூரையையும் தாண்டி ஒரு விரல் மேல போகுதுங்கய்யா.”

“இன்னும் கொஞ்சம் உசத்தினா?”

“அப்பவும் ஒரு விரல் மேலதாங்கய்யா.”

சுவரின் அளவை மாற்றலாம் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். முதல் அமைச்சரவையின் அளவுகோல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைத் தொட்டவர் பதவியில் நீடித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சொன்னவர் தண்ணீர் குடித்தார்.

மேல்கணக்கு இயக்குநர் எழுந்தார். “செலவைக் குறைக்க நான் தயாருங்கய்யா. ஆனா எதைக் குறைச்சாலும் யாராவது வந்து வாசல்ல நின்னு கத்துவாங்க. அவங்களைச் சமாளிக்க ஆள் போடணும். அதுக்கு ஒரு செலவு. எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டோம். சத்தம் போடத் தெரியாதவங்களாப் பாத்துக் குறைச்சாத்தான் கட்டுபடியாகும்.”

“அப்படி யார் இருக்கா?”

“தேடிக்கிட்டிருக்கோம்.”

கீழ்கணக்கு இயக்குநர் சிரித்தார். “செலவுல ஒரு தப்பும் இல்லைங்கய்யா. நாடுதான் சின்னதா இருக்கு. ஜனங்க வேலை செய்யாம இல்ல. செய்றாங்க. நம்ம கண்ணுல படாம செய்றாங்க. அந்தத் திருட்டுத்தனத்தை மட்டும் பிடிச்சுட்டா, நாடு தானா பெருத்துடும்.”

அமைச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் ஏணியைப் பிடித்தபடி நின்றவர்மேல் பார்வை நின்றது. “நீங்க சொல்லுங்க. உங்க தலைதானே இடிச்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். வரைவாளரும் சிரித்தார். அவரை ஓர் அமைச்சர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. வாயில் வந்ததைச் சொன்னார்.

“எங்க அக்கா இருக்காங்கய்யா. மாமா படுத்த படுக்கை. ஒரு ஆஸ்பத்திரியே செய்ற வேலையை எங்க அக்கா ஒத்தை ஆளா செய்றாங்க. அது எந்தக் கணக்குலயும் வரலை.”

அக்காவைப் பற்றி நாலு பேர் நல்லதாக நினைக்கட்டும் என்றுதான் சொன்னார். அமைச்சர் தன்னைப் பற்றி நல்லதாக நினைக்கட்டும் என்பதும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று பிற்பாடு பல நாள் அவர் தனக்குள்ளேயே வகுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டாவதுதான் பெரிதாக வந்தது.

கீழ்கணக்கு இயக்குநர் மேசையில் தட்டினார். “ஐயா, இவரை ஏன் இத்தனை வருஷம் ஏணியில நிக்க வச்சிருந்தோம்?”

அந்த வாரமே கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் வீடு அக்காவின் வீடு. மேலும் சேராமல் கீழும் சேராமல் நடுவில் இருப்பவர் என்பதால் வகுத்தல் அதிகாரியை அனுப்பினார்கள். வரைவாளர் கூடப் போகவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை அக்காவே ஃபோனில் சொன்னாள்.

“நல்ல மனுஷன்டா. காலையில வந்தவர், ஒரு வார்த்தை அதட்டலை. நான் உங்க மாமாவைப் புரட்டிவிட்டா உடற்பயிற்சி சிகிச்சைன்னு எழுதுறாரு. கஞ்சி ஊட்டினா ஊட்டச்சத்து நிபுணராம். நகம் வெட்டினேன். அதுக்கும் ஒரு பேர் சொன்னாரு, வாயில நுழையல. உங்க மாமா கஞ்சியில உப்பில்லைன்னு வழக்கம்போலக் கத்தினாரா, நான் பேசாம இருந்தேனா? அது மனநல ஆலோசனையாம். அதுக்குத்தான் ரேட்டு ஜாஸ்தியாம்!”

அவள் சிரித்தாள். பின்னால் மாமாவின் குரல் கேட்டது. “இன்னும் ரெண்டு தடவை கத்தியிருப்பேனே! முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“எதுக்காம் இதெல்லாம்?” என்று கேட்டாள் அக்கா.

“தெரியலைக்கா. ஏதோ கணக்கெடுப்பு” என்றார் வரைவாளர்.

நாடு பெருத்தது. தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டுவது கல்விச் சேவையானது. அடுத்த வீட்டு வம்பு செய்தித் துறையில் சேர்ந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் மாமியார் சொன்ன தீர்ப்பு நீதித் துறைக்குப் போனது. சண்டையை அவளே மூட்டியிருந்தால் இரண்டு பங்கு. பிறகு ஒரு புத்திசாலி, அரசு அலுவலகங்களில் வரிசையில் நிற்பது மக்கள் நாட்டுக்குச் செய்யும் சேவை என்று கண்டுபிடித்தார். உடனே மூன்று சன்னல்களில் இரண்டை மூடினார்கள். வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டது. சன்னல்கள் மூடியதில் செலவும் குறைந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

ஆண்டு முடிவில் இரண்டு சீட்டுகளும் வந்தன. வகுத்தல் அதிகாரி மூன்று தடவை வகுத்தார். கோடு, கூரையிலிருந்து நெஞ்சளவுக்கு இறங்கியது. வரைவாளர் ஏணி இல்லாமலே தரையில் நின்று வரைந்தார். ஏணியை ஏலம் விட்டுச் சிக்கனத்தில் சேர்த்தார்கள்.

நடைகூடத்தில் அமைச்சர் பேசினார்.

“நாம் ஒரு பள்ளிக்கூடம் மூடவில்லை. ஒரு பாலம் இடிக்கவில்லை. ஆனால் நாடு பணக்கார நாடாகிவிட்டது. நேற்று ஏழையாகப் படுத்தவர்கள் இன்று பணக்காரர்களாக எழுந்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை. அந்த அளவுக்கு நாம் அடக்கமாக வேலை செய்திருக்கிறோம்.”

கைதட்டினார்கள். அமைச்சர் வரைவாளரைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். “எல்லாம் இவர் அக்காவால வந்தது” என்றார்.

நாடு பணக்கார நாடான செய்தி மாடிக்கும் எட்டியது. அத்தனை பணக்காரர்கள் யார் யார் என்று மேல்கணக்குக்காரர்கள் கேட்டார்கள். வரலாற்றில் முதல் தடவையாக மாடிப்படிச் சங்கிலியை அவிழ்த்தார்கள். மேல்கணக்கு இயக்குநர் தாமே இறங்கி வந்து கீழ்கணக்குப் பட்டியலில் பராமரிப்புத் தொகை வாங்குகிறவர்களின் பெயர்களைப் பார்த்தார். வீட்டில் அடைந்து கிடப்பவர்கள், படுக்கையை விட்டு நகர முடியாதவர்கள். ஒருவராலும் வாசலுக்கு வந்து கத்த முடியாது. அவர் தேடிக்கொண்டிருந்தவர்கள் கிடைத்துவிட்டார்கள்.

அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

“ஏண்டா தம்பி, இந்தத் தெருவுலயே நான்தான் பெரிய பணக்காரியாம். மூலைவீட்டு டாக்டரைவிட எனக்கு வருமானம் ஜாஸ்தியாம். அதனால தொகை கிடையாதுன்னுட்டாங்க. ஆயா நேத்தோட நின்னுட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? அவளுக்கும் வயிறு இருக்குல்ல.”

“நீ எப்படிக்கா புரட்டுற?”

“முட்டி கொடுத்துப் புரட்டுறேன். ராத்திரி இடுப்பு விட்டுப் போகுது. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க. யாரையாவது கேட்டுப் பாரேன். உன் பேச்சைக் கேக்குறவங்க இருப்பாங்கல்ல.”

வரைவாளர் ஃபோனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பார்த்தார். “கேக்குறேன்க்கா” என்றார்.

மாடிக்குப் போனார். மேல்கணக்கு இயக்குநர் எழுந்து கைகொடுத்தார்.

“உங்க அக்காவா? வாழ்த்துக்கள். என் சம்பளத்தைவிட அதிகம் சம்பாதிக்கிறாங்க.”

“அது கைக்கு வர்ற காசு இல்லைங்கய்யா.”

“கைக்கு வருதா வரலையான்னு பாக்க ஆரம்பிச்சா, நாட்டுல பாதிப் பேர் ஏழையாயிடுவாங்க. பரவால்லையா?”

“ஆயா இல்லாம அவங்களால தூக்க முடியலைங்கய்யா.”

“பாத்தீங்களா? முன்னாடி பாதி வேலைதான் செஞ்சாங்க. இப்ப முழு வேலையும் அவங்களே செய்றாங்க. வருமானம் ரெட்டிப்பு.” இயக்குநரின் முகம் கனிந்தது. “வருத்தப்படாதீங்க, வழி இல்லாம இல்ல. அவங்க எந்த வேலையும் செய்றதில்லைன்னு நிரூபிச்சுட்டா, தொகையைத் திரும்பக் கொடுக்கலாம். ஒரே ஒரு பகல். அதிகாரி வந்து பக்கத்துல உக்காந்து பாப்பாரு. அவங்க சும்மா இருக்கணும். வீட்டுல வேற யாரும் செய்யக் கூடாது. செஞ்சா அதுவும் அந்த வீட்டு உற்பத்திதான்.”

“மாமா?”

“அவர் ஏற்கெனவே ஒண்ணும் செய்றதில்லையே. அவரால சிக்கல் இல்லை.”

அந்த நாள் வந்தது. அதிகாரி வருவதற்கு முன்பே அக்கா மாமாவைத் துடைத்து, வேட்டி மாற்றி, கஞ்சி ஊட்டி, தலையணைகளை அண்டக்கொடுத்து முடித்திருந்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டு, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்தாள். பரீட்சை எழுதப் போகிறவள் முகம்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த வரைவாளரைப் பார்த்து, “பயப்படாதீங்க மாப்பிள்ளை” என்றார் மாமா. “சும்மா கிடக்குறதுல எனக்கு ஏகப்பட்ட அனுபவம் இருக்கு. உங்க அக்காவை மட்டும் பிடிச்சு வையுங்க.”

வகுத்தல் அதிகாரி வந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். அக்கா டீ போடக் கூடாது என்பதால் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். மூடியில் ஊற்றினார். அக்காவுக்குக் கொடுக்கக் கையை நீட்டியவர், என்னவோ நினைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டார். தானும் குடிக்கவில்லை. டீ ஆறியது.

பகல் நகர்ந்தது. மாமாவின் நெற்றியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவர் கீழுதட்டை நீட்டி ஊதினார். ஈ மூக்குக்கு இறங்கியது. அக்காவின் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கின. ஈ தானாகவே சலித்துப் போனது. மாமாவுக்குத் தாகமாயிருந்தது. உதட்டை நக்கிக்கொண்டார், கேட்கவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தலையணை நழுவத் தொடங்கியது. மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல் நழுவியது. மாமாவின் தலை சுவர்ப்பக்கம் சாய்ந்தது. தாடை நெஞ்சில் அழுந்தியது. மூச்சு குறட்டை மாதிரி கேட்டது. முகம் சிவந்தது. ஒரு கண்ணால் மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா” என்றார்.

வரைவாளர் எழுந்தார்.

எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. தலை இடித்த அன்றைக்கு வாய் தானாகப் பேசியது, இன்றைக்குக் கால் தானாக எழுந்தது. மாமாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, தலையணையைச் சரிசெய்து, டம்ளரில் தண்ணீர் எடுத்து வாயில் வைத்தார். மாமா மடமடவென்று குடித்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். “மன்னிச்சுக்குங்க சார். வகுத்தல் எனக்கு வரும். விட்டுடறது எனக்கு வராது.” எழுதினார். அந்த வீட்டு நிறுவனத்தில் தொழிலாளர்கள் இப்போது இரண்டு பேர் என்று எழுதினார். போகும்போது ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போனார்.

வரைவாளரால் தலைநிமிர முடியவில்லை. “கெடுத்துட்டேன்க்கா.”

“விடுடா. இன்னும் ரெண்டு மூச்சு போயிருந்தா நானே எழுந்திருப்பேன். எனக்கு முன்னாடி நீ எழுந்துட்ட, அவ்வளவுதான்.”

மறு ஆண்டும் சீட்டுகள் வந்தன. கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. அக்கா வீட்டைப்போல எத்தனையோ வீடுகள் அந்த இறக்கத்தில் இருந்தன. ஆனால் வரைவாளர் தூரிகையின் நுனியில் ஒரு மயிரிழையைத் தனியாகக் கண்டார். ஏற்றி வரைந்த அதே கையால் அதை இறக்கி வரைந்தார். அமைச்சர் பின்னால் நின்று, “கை நடுங்காம போடுங்க, படம் எடுக்குறாங்க” என்றார்.

வேலை முடிந்து வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனார். இப்போது காலையும் மாலையும் ஆயாவின் இடத்தில் அவர்தான்.

“கோடு எப்படி இருக்கு மாப்பிள்ளை?” என்றார் மாமா.

“இறங்கியிருக்கு மாமா.”

“நல்லது. விலைவாசிதான் இறங்கலை, கோடாவது இறங்கட்டும்.”

“காலைப் பிடிடா” என்றாள் அக்கா. அவள் தோளைப் பிடித்தாள்.

வரைவாளர் பிடித்தார். இத்தனை நாள் சொல்லாததைச் சொல்ல வாயெடுத்தார். “அக்கா, அந்த யோசனையை முதல்ல...”

“தூக்கும்போது பேசாத. மூச்சு விட்டுப் போயிடும்.”

தூக்கினார்கள். புரட்டினார்கள். முதுகில் சிவந்திருந்த இடத்தில் அக்கா பவுடர் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“கணக்கெடுக்க வந்த அன்னிக்கே அந்த அதிகாரி சொல்லிட்டாரு” என்றாள். “செருப்பைக் கழட்டும்போதே, ‘உங்க தம்பி யோசனைம்மா இது’ன்னுதான் சொல்லிக்கிட்டே உள்ள வந்தாரு. அதனாலதான் நல்ல கப்பை எடுத்து டீ போட்டுக் கொடுத்தேன்.”

வரைவாளர் மாமாவின் கால்மாட்டிலேயே நின்றார்.

“நிக்காத. பிடி” என்றாள் அக்கா. “அந்தப் பக்கமும் திருப்பணும்.”